மூன்றரை டெசிபல்

ஒரு தொலைபேசித் தடத்தின் மேல் குறை சொல்லும் நிலையம் முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பராமரிப்புக் கையேட்டின் விதி. சோதனை ஒலியை உண்டாக்கும் கருவியையும் அதை அளக்கும் மீட்டரையும் இணைத்து அளவு சரிதானா என்று பார்க்க வேண்டும். வெறுமனே இணைத்தால் போதாது. தினசரி அளவீட்டின்போது ஒலி எந்தத் துளை, எந்தக் கம்பி வழியாக மீட்டருக்கு வருகிறதோ, அதே வழியாக இணைக்க வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த ஊரைக் கைகாட்டலாம். எல்லாம் சேர்த்து அரைப் பக்கம். இலாகாத் தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஆகவே விதி தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஐப்பசியில் தொலைபேசி இலாகா என்னை நாமக்கல் பக்கத்து நிலையம் ஒன்றுக்குப் பொறுப்பாளனாக மாற்றியது. சேலத்துப் பக்கத்திலிருந்து ராசிபுரம் வழியாக நிலத்துக்கடியில் ஒரு கேபிள் வந்தது. அதன் மேல் முனையில் ஒரு நிலையம், கீழ் முனையில் என்னுடையது. இரண்டு நிலையங்களும் குழியில் வேலை செய்பவர்களும் மட்டும் பேசிக்கொள்ள ஒரு தனிக் கம்பி உண்டு. அதற்கு ஆர்டர் ஒயர் என்று பெயர். அதில் யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை. மேல் முனை வடக்கு, நான் தெற்கு, நடுவில் எங்கே தோண்டினாலும் அது குழி. வடக்கில் இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்த டெக்னீசியன். நாலரை வருடம் தினமும் அவரோடு பேசினேன். நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, அவருடைய பணி ஓய்வு விழாவில். அப்போதும் அவரை வடக்கு என்றுதான் கூப்பிட்டேன்.

தினமும் காலை ஏழு மணிக்கு வடக்கு ஒரு சோதனை ஒலி அனுப்புவார். விநாடிக்கு எண்ணூறு அதிர்வு, ஏற்ற இறக்கம் இல்லாத ஒற்றை ஊதல். அனுப்பும் இடத்தில் அதன் பலம் இவ்வளவு என்று கணக்கு உண்டு. வழியில் இருக்கும் பெருக்கிகள் கேபிள் தின்றதை ஈடுகட்டிவிடும். ஆகவே என் மீட்டரில் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நின்றால் பதிவேட்டில் பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

பொறுப்பேற்ற அன்று பழைய பதிவேட்டைப் புரட்டினேன். நான்கு வருடமாகப் பூஜ்யம். ஏதோ ஒரு நாள் கால் டெசிபல் கூட, ஏதோ ஒரு நாள் கால் டெசிபல் குறைய. அரசாங்கப் பதிவேடு ஒன்று இவ்வளவு ஒழுங்காக இருந்தால் அதற்கு எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். முந்தின நாள் எழுதியதைப் பார்த்து எழுதுகிறார்கள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தேன்.

பழைய மீட்டர் என் முடிவுக்கு ஒத்துழைத்தது. கண்ணாடி கீறியிருந்தது. முன்பக்கத்துத் திருகு நகராதபடி கறுப்பு நாடாவால் ஒட்டப்பட்டிருந்தது. அந்தத் திருகுக்கு இரண்டு நிலைகள். ஒன்றில் மீட்டர் வரும் சக்தி முழுவதையும் தானே வாங்கிக்கொண்டு அளக்கும். இன்னொன்றில், வேறு யாரோ வாங்கிக்கொள்வதை ஓரமாக எட்டிப் பார்த்து அளவு சொல்லும். தடத்தின் முடிவில் அளக்கும்போது முதல் நிலையில் வைக்க வேண்டும். நாடா அதை இரண்டாம் நிலையில் பிடித்து வைத்திருந்தது. நான் அந்த மீட்டரைத் தகுதியற்றது என்று எழுதி, மூன்று பிரதிப் படிவத்தோடு கிடங்குக்கு அனுப்பி, புதியது ஒன்று வாங்கினேன். வந்ததும் என் ஒலிக் கருவியோடு நேராக இணைத்துப் பார்த்தேன். பூஜ்யம் காட்டியது. திருகை விதிப்படி முதல் நிலையில் வைத்தேன். மறுநாள் காலை வடக்கு அனுப்பிய ஒலி மூன்றரை டெசிபல் குறைவாக வந்தது.

மூன்றரை டெசிபல் என்றால் சக்தியில் பாதிக்கு மேல் வழியில் காணாமல் போயிற்று என்று பொருள். இத்தனை நாள் மறைத்து வைத்ததைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பெருக்கியின் பலத்தை மூன்றரை டெசிபல் கூட்டினேன். அன்று மதியத்துக்குள் முட்டை மண்டிக்காரர்களும் லாரி ஆபீஸ்காரர்களும் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். பம்பாய்க்குப் பேசினால் நடுவில் விசில் அடிக்கிறது என்றார்கள். பலத்தைப் பழையபடி குறைத்தேன். விசில் நின்றது. பேசுகிறவர்கள் எல்லாருக்கும் திருப்தி, மீட்டருக்கு மட்டும் திருப்தி இல்லை. இப்படி ஒரு நிலைமை வந்தால் நான் படித்த படிப்பு மீட்டரின் பக்கம்தான் நிற்கச் சொல்லும். நின்றேன்.

அடுத்த கேள்வி, எங்கே தொலைகிறது என்பது. அதற்கும் பதில் தயாராக இருந்தது. நான் வருவதற்குப் பத்து நாள் முன்பு திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஆழ்துளைக் கிணறு போட வந்த போர் வண்டி ஒன்று ராசிபுரத்துக்கு வெளியே ஒரு காட்டுக்குள் திரும்பும்போது சக்கரம் இறங்கிக் கேபிளை நசுக்கியிருந்தது. நசுங்கிய துண்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்து இணைத்திருந்தார்கள். காகிதம் சுற்றிய கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி, மெழுகு ஊற்றி, மேலே ஈயக் குழாய் போட்டு மூடுகிற வேலை. ஒரு சொட்டு ஈரம் உள்ளே போனாலும் போச்சு. புது இணைப்பு, புதுக் குறைவு. ராசிபுரம் இணைப்பில் ஈரம் இருக்கலாம் என்று கோட்டப் பொறியாளருக்கு, எங்கள் பேச்சில் டி.இ.க்கு, எழுதினேன். இருக்கலாம் என்ற சொல்லைக் கவனமாகத்தான் போட்டேன். மேலே போகப் போக அந்தச் சொல் உதிர்ந்துவிட்டது.

அந்த இணைப்பைப் போட்ட ஜாயின்டர் ராசிபுரத்துக்கு அருகே ஒரு சிற்றூர்க்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். பதினோரு வருடம் தினக்கூலி மஸ்தூராகக் குழி வெட்டி, தேர்வெழுதி ஜாயின்டர் ஆனவர். தகுதிகாண் காலம் அந்த மாதக் கடைசியில் முடிவதாக இருந்தது. தாளில் கறை இல்லாவிட்டால் நிரந்தரம். கறை இருந்தால் மறுபடியும் மண்வெட்டி. என் கடிதத்தின் பேரில் அவருக்கு மெமோ போயிற்று. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோட்டப் பொறியாளர் முன்னிலையில் அவரே அந்த இணைப்பைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்றும் உத்தரவு.

புதன்கிழமை மதியம் அவர் என் நிலையத்துக்கு வந்தார். காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார்.

"கும்புடறனுங்க சார். ராசிபுரம் குழிங்க."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மெமோ வந்துச்சுங்க. மூணு தடவ படிச்சேன். டெசிபல்னு போட்டிருக்குது. அது எவ்வளவுங்க?"

"மூன்றரை."

"அது எழுதியிருக்குதுங்க. நான் கேக்கறது எவ்வளவு தண்ணீங்க?"

தண்ணீரின் அளவல்ல, சக்தியின் குறைவு என்று விளக்கினேன். வகுப்பெடுப்பது போல விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கு என்னையவே அறுக்கச் சொல்லியிருக்காங்க."

"போட்டவரே பிரிக்கணும். அதுதான் முறை."

"முறை செரீங்க. குழியில முழங்காலுக்குத் தண்ணி நிக்குது. ஐப்பசி மழையில எந்த ஜாயின்ட்டப் பிரிச்சாலும் பிரிச்ச நிமிசமே காயிதம் ஈரம் வாங்கும். அப்பறம் அது முன்னயே இருந்துதா, இப்ப வந்துதான்னு எந்த டெசிபல் வந்து சொல்லுமுங்க?"

"குழியை இறைச்சு, மேலே தார்ப்பாய் கட்டித்தான் பிரிக்கணும்."

"தார்ப்பாய் கேட்டு எழுதி எட்டு மாசமாச்சுங்க."

அவர் வாசல் வரை போய்த் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா? ஞாயித்துக்கெழம பேஞ்சுது பாருங்க ஒரு மழை. குழி ரொம்பி ரோட்டு மேல போச்சு. அன்னைக்கு உங்க முள்ளு இன்னும் எறங்குச்சுங்களா?"

பதிவேட்டைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். "இல்லை."

"ஒரு நூலு?"

"அதே மூன்றரைதான்."

"தண்ணி குடிக்கிற ஜாயின்ட்டு அந்த மழைக்கு அசையாம இருக்குமுங்களா சார்?" என்றார். குரலில் வாதாடுகிற தொனி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போலத்தான் கேட்டார். "வாரேனுங்க" என்று போய்விட்டார்.

அந்தக் கேள்வி என் அறைக்குள் தங்கிவிட்டது. தேர்வில் வந்திருந்தால் எழுதியிருப்பேன். ஈரம் என்றால் அளவு நாளுக்கு நாள் மாறும். அது மட்டுமல்ல, ஈரம் கீச்சுக் குரலை அதிகமாகத் தின்னும், கட்டைக் குரலைக் குறைவாகத் தின்னும். ஒரே ஒரு சுருதியில் அளந்துவிட்டு ஒரு மனிதரைக் குழிக்கு அனுப்பியிருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆர்டர் ஒயரை எடுத்தேன்.

"வடக்கு."

"தெற்கு பேசறேன். ஒலி வேணும்."

"ஏழு மணிக்குத்தான குடுத்தேன். அதுக்குள்ள பசிக்குதா?"

"எண்ணூறு இல்லை. முந்நூறுல ஆரம்பிச்சு மூவாயிரத்து நானூறு வரைக்கும், படிப்படியா."

"இன்னைக்கா? பதினொண்ணுக்கு அறுக்கறாங்க. அறுத்து முடிச்சதும் சாவகாசமா பாட்டு கேளுங்களேன்."

"அறுத்த பிறகு கேக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது."

அவர் கருவியைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, முந்நூறு போகுது, வாங்கிக்குங்க" என்றார்.

பூம் என்று அடித்தொண்டையில் வந்தது. மீட்டரைப் பார்த்தேன். மூன்றரை குறைவு. அறுநூறு அனுப்பினார், மூன்றரை. எண்ணூறு, மூன்றரை. ஒவ்வொரு படிக்கும் கருவியைத் திருப்பி, அளவைச் சரிசெய்து, ஒலி நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ஆயிரத்து அறுநூறு, இரண்டாயிரத்து நானூறு என்று ஏறிக்கொண்டே போனார். என் பென்சில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. கடைசியில் மூவாயிரத்து நானூறு. கொசு காதுக்குள் புகுந்தது போன்ற சத்தம்.

"எவ்வளவு தெற்கு?"

"மூன்றரை."

"எல்லாத்துக்குமா? உங்க முள்ளு ஒட்டிக்கிச்சு. தட்டிப் பாருங்க."

தட்டினேன். ஆடிவிட்டு அதே இடத்தில் வந்து நின்றது.

கேபிளில் இருக்கும் எந்தக் குறையும் இவ்வளவு நியாயமாக நடந்துகொள்ளாது. கட்டையிடமும் கீச்சிடமும் ஒரே பங்கை வாங்கிக்கொள்கிற திருடன் மண்ணுக்குள் இல்லை. என் கருவிகள் இருக்கும் அலமாரிக்குள்தான் இருக்க முடியும். அப்போது மணி பத்து ஐந்து.

என் ஒலிக் கருவியை எடுத்து மீட்டரோடு நேராக இணைத்தேன். பூஜ்யம். இதை முன்பே செய்திருந்தேன், மீட்டருக்கு நற்சான்றும் கொடுத்திருந்தேன். இப்போது அதே ஒலியை, கம்பிகள் எல்லாம் வந்து சேரும் சோதனைப் பலகையின் துளையில் செருகி, தினமும் வடக்கின் ஒலி வருகிற கம்பி வழியாகவே மீட்டருக்கு அனுப்பினேன். மூன்றரை குறைவு. ராசிபுரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒலி என் அறையை விட்டு வெளியே போகவே இல்லை.

பலகையின் பின்பக்க மூடிக்கு ஆறு திருகாணிகள். ஐந்து வந்தன. ஆறாவதன் தலை தேய்ந்து போயிருந்தது. அதோடு மல்லுக்கட்டாமல் மூடியை அந்த ஒரு திருகாணியில் தொங்கவிட்டு ஒதுக்கினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். மீட்டருக்குப் போகும் இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே, இரண்டு சின்ன மின்தடைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். அருமையான வேலை. கம்பிகளுக்குப் பருத்தி உறை போட்டு, நூலால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைத்திருந்தார்கள். நான் இளப்பமாக நினைத்த அந்தப் பழைய ஆட்களில் ஒருவர் செய்தது.

நடந்தது விளங்கிவிட்டது. பழைய மீட்டரில் சக்தியை வாங்கிக்கொள்ளும் முதல் நிலை எப்போதோ கெட்டுப் போயிருக்கிறது. அந்த நாளில் புதிய மீட்டர் கேட்டால் எத்தனை காலம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் வாங்கிக்கொள்கிற வேலையைப் பலகைக்குப் பின்னால் இந்த மின்தடைகளிடம் கொடுத்துவிட்டு, மீட்டரை எட்டிப் பார்க்கும் நிலையில் வைத்து நாடா ஒட்டிவிட்டார். அளவு சரியாக வந்தது. நான்கு வருடமும் சரியாகவே வந்தது. நான் புது மீட்டரை முதல் நிலையில் வைத்ததும், ஒருவருக்குப் போட்ட இலையில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். மூன்றரை டெசிபல் குறைந்தது. அவர் செய்யாதது ஒன்றுதான்: வரைபடத்தில் குறிக்கவில்லை. நான் செய்யாததும் ஒன்றுதான்: விதியின் இரண்டாம் பாதியை மதிக்கவில்லை. குழியில் நிற்பவர் இதில் எதையும் செய்யவும் இல்லை, செய்யாமல் விடவும் இல்லை.

மணி பத்து முப்பத்தைந்து. ஆர்டர் ஒயரை எடுத்துக் குழியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. குழிக்காரர்கள் ஒரு பேசும் குழலைக் கம்பியில் கவ்வவிட்டு வைத்திருப்பார்கள். அதற்கு மணி கிடையாது. அவர்கள் எடுத்துப் பேசினால்தான் உண்டு.

வடக்கு குறுக்கே வந்தார். "என்ன தெற்கு, குழியக் கூப்பிடறீங்க? அதக் காதுல வெச்சுக்கிட்டு யாரு உக்காந்திருப்பா? எங்கயாவது தொங்கிட்டிருக்கும்."

"அறுக்கக் கூடாது. குறை என் பலகையில இருக்கு."

"அய்யய்ய."

"பதினொண்ணுக்கு அனுமதி கேட்டு எடுப்பாங்க இல்ல?"

"எங்கிட்ட வாங்கிட்டாரே. டி.இ. பத்தரைக்கே கூப்பிட்டாரு. மழை வரும் போல இருக்கு, சீக்கிரம் ஆரம்பிச்சிரலாம்னாரு. நானும் லைனெல்லாம் மாத்திக் குடுத்துட்டேன். தெற்குகிட்ட நானே சொல்லிக்கறேன்னாரு. சொல்லலியா?"

சொல்லவில்லை. இரண்டு முனையும் அனுமதி தந்த பிறகே கத்தி வைக்க வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் அன்று விதியை மேற்கோள் காட்டும் தகுதி எனக்குக் குறைவாக இருந்தது. ராசிபுரத்துக்கு டிரங்க் கால் போட்டு அங்கிருந்து யாரையாவது சைக்கிளில் அனுப்பச் சொல்லலாம். அவர் போய்ச் சேர்வதற்குள் ஈயக் குழாய் இரண்டாகியிருக்கும். ஒரு தடவை கத்தி உள்ளே இறங்கிவிட்டால், அந்த இணைப்பு காய்ந்திருந்தது என்று நானே நூறு கடிதம் எழுதினாலும் நிரூபணம் இல்லை. ஈரக் காகிதம் கையில் இருக்கும், என் முதல் கடிதமும் கோப்பில் இருக்கும்.

ஆர்டர் ஒயரில் எந்தக் காரணத்துக்காகவும் சோதனை ஒலியைச் செலுத்தக் கூடாது. கையேட்டில் இது தடித்த எழுத்தில் இருக்கும். பேசிக்கொண்டிருப்பவர்களின் காது போய்விடும் என்பதால்.

"வடக்கு, காதுல இருந்து எடுத்துருங்க" என்றேன்.

"எதை?"

பதில் சொல்லாமல் ஒலிக் கருவியின் கம்பியை ஆர்டர் ஒயர் துளையில் செருகிப் பலத்தை முழுவதும் திருப்பினேன். எண்ணூறு வேண்டாம், அது தூரத்து ஆலைச் சங்கு போலத்தான் கேட்கும். இரண்டாயிரத்துக்கு ஏற்றினேன். ஒரே சுருதியில் விட்டால் ஏதோ பழுது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதனால் திருகைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். அரை நிமிடம் ஆட்டிவிட்டு, கம்பியைப் பிடுங்கி, காதில் வைத்துக் கேட்டேன். மழைச் சத்தம் மட்டும். மறுபடி அரை நிமிடம். மறுபடி மழை. மூன்றாம் தடவை என் மணிக்கட்டு வலித்தது. இத்தனை வருடம் ஒலியை அளப்பதற்காகத்தான் அனுப்பியிருக்கிறேன். யாரையாவது கூப்பிடுவதற்காக அனுப்பியது அன்றுதான்.

பிடுங்கிக் காதில் வைத்தேன். யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"யாருங்க அது, கேபிளுக்குள்ள கோட்டான் புடிச்சு உட்டது?"

ஜாயின்டரின் குரல்.

"தெற்கு பேசறேன். கத்தி எங்கே?"

"கையிலதானுங்க இருக்குது."

"அறுத்தாச்சா?"

"சுத்தி ஒரு கோடு போட்டனுங்க. ஆழம் போகல."

"கத்தியைக் கீழே வைங்க."

"டி.இ. அய்யா நிக்கறாருங்க. வெக்கறதா இருந்தா அவருதானுங்க சொல்லோணும்."

"அவர்கிட்ட குடுங்க."

குழல் கை மாறும் சத்தம் கேட்டது.

"ஆர்டர் ஒயர்ல டோன் போட்டது யாரு?" என்றார் கோட்டப் பொறியாளர்.

"நான்தான் சார். தெற்கு."

"விதி தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார். பத்தி எண்ணும் தெரியும். குறை கேபிள்ல இல்லை. என் சோதனைப் பலகையில இருக்கு. எல்லாச் சுருதியிலும் ஒரே அளவு குறையுது. பின்னால குறிக்காத மின்தடை இருக்கு, இப்பத்தான் பார்த்தேன்."

மழை குழலில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஜாயின்ட்ல ஈரம்னு நீங்கதானே எழுதினீங்க?"

"நான்தான் சார்."

"இப்ப வாபஸ் வாங்கறீங்களா?"

"வாங்கறேன்."

"எழுத்துல?"

"எழுத்துல, சார். இன்னைக்கே."

"உங்க மேலயும் மெமோ வரும்."

"வரட்டும் சார்."

அவர் குழலை நகர்த்திவிட்டு அங்கே இருந்தவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "மூடுங்கப்பா. மண்ணைத் தள்ளுங்க."

"மண்ணத் தள்ளறதுக்கு முன்ன அந்தக் கோட்டு மேல ஈயம் பூசீரட்டுங்களா அய்யா? இல்லீனா நாளைக்கு இதுலயே தண்ணி எறங்கும்" என்றது ஜாயின்டரின் குரல்.

வடக்கு திரும்ப வந்தார். "தெற்கு, எனக்கு இடது காது போச்சு. டி.இ. திட்டினது வலது காதுல கேட்டுது. போதும்."

அன்று மாலை நான்கு மணிக்குள் மூன்று பிரதிகளில் எழுதினேன். குறை கேபிளில் இல்லை, ஜாயின்டரின் வேலையில் பிழை இல்லை, என் அளவீடுதான் பிழை, என் முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், ஜாயின்டரின் மெமோவை ரத்து செய்து அவரை உரிய தேதியில் நிரந்தரமாக்க வேண்டும். அதோடு மின்தடைகளை அகற்ற அனுமதி கேட்டும் ஒரு பத்தி சேர்த்தேன். தெளிவான கடிதம். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

என் மெமோ மூன்றே நாளில் வந்தது. ஆர்டர் ஒயரில் ஒலி செலுத்தியதற்கு விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன், எச்சரித்தார்கள். தண்டனை தர வேண்டிய இடத்தில் எங்கள் இலாகாவின் சுறுசுறுப்பைக் குறை சொல்ல முடியாது.

அவருடைய மெமோ வேறு கதை. கோட்டப் பொறியாளர் கெட்டவர் அல்ல. மறுநாளே கிழித்துப் போட்டிருப்பார். ஆனால் மெமோவின் நகல் தகவலுக்காக மேல் அலுவலகம் போய்விட்டது. மேலே போனதை மேலேயிருந்துதான் ரத்து செய்ய முடியும். என் கடிதமும் மேலே போயிற்று. முடிவு வரும்வரை தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது என்று ஓர் உத்தரவு வந்தது. ஆறு மாதம் கழித்து இன்னொன்று. அவரிடம் வேலை கற்றவர்கள் நிரந்தரமானார்கள். அவர் தற்காலிகமாகவே ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை, பெரும்பாலும் சந்தை நாளில், என் நிலையத்துக்கு வருவார்.

"வந்துச்சுங்களா?"

"இல்லை. நினைவூட்டல் போட்டிருக்கேன்."

"எத்தனாவதுங்க?"

"ஏழாவது."

"ஏனுங் சார், அந்த ஆபீசுக்கு ஒரு டோன் போட்டுப் பாக்கறதுதானுங்க. முழுசாத் திருப்பி."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாம் வருடம் ஒரு பட்டியல் வந்தது. தற்காலிக ஆட்களைக் குறைக்க வேண்டுமாம். அவர் பெயர் அதில் இருந்தது. காலை முதல் பஸ்ஸில் கோட்ட அலுவலகம் போய், மேலே வழக்கு நிலுவையில் இருக்கும் ஊழியரை நீக்க முடியாது என்ற விதியை எடுத்து மேஜை மேல் வைத்தேன். மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தலைமை எழுத்தர் கையேட்டைப் புரட்டினார், வேறு யாரையோ கேட்டார், மறுபடி புரட்டினார். கடைசியில் பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்தார். என் பிழையால் தொங்கிக்கொண்டிருந்த காகிதமே அன்று அவரைக் காப்பாற்றியது. இதை அவரிடம் சொன்னபோது, "அப்ப பதில் வராம இருக்கறதே நல்லதுங்களா?" என்றார்.

பதினேழாவது நினைவூட்டலுக்குப் பிறகு ஒரு நாள் காலைத் தபாலில் நீள உறை ஒன்று வந்தது. இரண்டே பத்திகள். முதல் பத்தியில், மெமோ விலக்கிக்கொள்ளப்படுகிறது, ஊழியர் தகுதிகாண் காலத்தை முதலில் குறித்த தேதியிலேயே திருப்திகரமாக முடித்ததாகக் கருதப்படுவார். இரண்டாவதில், மின்தடைகளை அகற்ற அனுமதி கோரியது தனியாகப் பரிசீலனையில் உள்ளது. அவற்றை நான் அந்த வியாழக்கிழமையே கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டிருந்தேன்.

அன்று அவர் ஆண்டகளூர் பக்கம் குழியில் இருந்தார். ஆர்டர் ஒயரை எடுத்தேன். அதிர்ஷ்டவசமாக அவரும் வடக்கோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"தெற்கு பேசறேன். வந்துடுச்சு."

வடக்கு பேச்சை நிறுத்திக்கொண்டார். குழியிலிருந்து குரல் வந்தது.

"படிங்க சார்."

முதல் பத்தியைப் படித்தேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை படித்தேன்.

"இன்னைக்கு என்ன தேதி போட்டிருக்குதுங்க?"

"எது? அவங்க கையெழுத்துப் போட்டதா, நமக்கு வந்து சேந்ததா?"

"வந்து சேந்ததுங்க. அவிய போட்டது அவிய கணக்கு."

உள்வரும் தபாலுக்கான முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, கடிதத்தின் மேல் மூலையில் அடித்துவிட்டு அதைப் பார்த்தே படித்தேன்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு, பிப்ரவரி ஒன்பது.